கிணற்றுத் தண்ணீரில் ஒயில் மணம், ரிப்போர்ட்டோ "நல்லது" என்கிறது. எந்த டெஸ்ட் கேட்க வேண்டும்?

மணல்வீட்டுக்காரி (ஆரையம்பதி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிச் சொன்னால் எல்லாரும் "பில்டர் போடு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் வளவு ஆரையம்பதியில், பெரிய ரோட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு மணல் ஒழுங்கையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு அம்மா எழுதித் தந்தது. கிணறும் அம்மாவின் காலத்துக் கிணறுதான், சீமெந்து வளையம் இறக்கினது, 14 அடி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் ஒன்பதடிக்குக் கீழே போய்விடும். மார்கழியில் குனிந்து கையாலேயே அள்ளலாம். தேத்தண்ணிக்கு இந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று அயலிலிருந்து குடத்தோடு வருவார்கள். அதனால்தான் ரோட்டில் பைப் லைன் வந்தபோதும் நாங்கள் இணைப்பு எடுக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கராஜ் வந்தது. மோட்டார் சைக்கிள், த்ரீவீலர், இடைக்கிடை லேண்ட்மாஸ்டர். கிணற்றிலிருந்து நாற்பது அடி இருக்கும், கொடிக்கயிற்றைப் பிடித்து அளந்தேன். மாற்றுகிற பழைய ஒயிலை நிலத்தில் பாதி புதைத்த ஒரு பரலுக்குள் ஊற்றுவார்கள். பொடியன்மார் நல்லவர்கள். என் ஸ்கூட்டி நின்றுபோனால் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். இவ்வளவு நாள் நான் வாயைத் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீரில் ஒரு மணம் தொடங்கியது. எல்லா நேரமும் இல்லை. காலையில் இழுக்கும் முதல் வாளியிலும், இரவு மூடி வைத்த குடத்தைத் திறக்கும் அந்த நிமிடத்திலும்தான் அடிக்கும். அரிசி கழுவின தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம். அம்மா "அது பாசி, சும்மா கிட" என்றார். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் ஐந்து வயது மகள் ஒரு நாள் பால் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, பாலுக்குள்ள ஸ்கூட்டி மணக்குது" என்றாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி என்று ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலைக் கழுவித் தண்ணீர் பிடித்து ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு கிழமையில் ரிப்போர்ட் வந்தது. பீ.எச். 6.9, மின்கடத்துதிறன் 640, குளோரைட்டு 88, நைத்திரேற்று 18, கடினத்தன்மை 190, இரும்பு 0.2. கோலிபோம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, "கொதிக்க வைத்துக் குடிக்கவும், இரசாயன ரீதியில் பொருத்தமானது" என்று கீழே எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். முத்திரையை விரலால் தடவிக்கொண்டே வீட்டுக்கு வந்து குடத்தைத் திறந்தேன். அதே மணம்.

அதற்குள் பில்டர் விற்கிற ஒரு தம்பி வந்தார். பேனை மாதிரி ஒன்றை விட்டு "320 காட்டுது, பாருங்க அக்கா" என்றார். பிறகு இரண்டு கம்பி உள்ள ஒரு பெட்டியைக் கரண்டில் செருகி எங்கள் தண்ணீருக்குள் விட்டார். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் துருப்பிடித்த சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவருடைய போத்தல் தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மா பயந்து நகை அடகு வைக்கிற கதைக்கே போய்விட்டார்.

நான் கேட்பது இதுதான். ஒயில், பெற்றோல் மாதிரிச் சாமான் தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்க எந்த டெஸ்டை, என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்? என் ரிப்போர்ட் பொய்யா? அந்தப் பெட்டி மெய்யா? கராஜ்காரரோடு சண்டை பிடிக்காமல் இதை எப்படிச் செய்வது?

---

நிந்தவூர்க் கச்சான்

தங்கச்சி, இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? மோட்டர் போட்டு இரண்டு நாள் கிணற்றை அடியோடு இறையுங்கள். குளோரின் பவுடர் போட்டு ஒரு நாள் விடுங்கள். திரும்பவும் இறையுங்கள். சுனாமிக்குப் பிறகு எல்லாரும் அப்படித்தானே செய்தோம்.

---

செங்கலடிப் பழைய லேப்காரர்

நிந்தவூர் தம்பி, சுனாமிக்குப் பிறகு எல்லாரும் அப்படிச் செய்ததால்தான் பல கிணறுகள் இன்னும் உப்பாயின. நம்முடைய கரையோர மணலில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. அதை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். இந்த அக்காவின் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிணற்றை இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள தண்ணீர் அதை நோக்கி ஓடி வரும். நாற்பது அடிக்கு அப்பால் ஒயில் இருந்தால் அதற்கும் வாவென்று வெற்றிலை வைத்த மாதிரி. குளோரினையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். தண்ணீரில் பீனோல் வகை ஏதாவது இருந்தால் குளோரினோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாசம் ஒன்றைக் கொண்டுவரும், உள்ளதைக் கண்டுபிடிப்பதும் குழம்பிப்போகும்.

அக்கா, நான் தண்ணீர் ஆய்வுகூடத்தில் 27 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முதலில் உங்கள் ரிப்போர்ட். அது பொய் இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. உப்பு இருக்கிறதா, பசளை இருக்கிறதா, மலக்கிருமி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். ஒயிலை யாரும் தேடவில்லை. எங்கள் மேசைக்கு வந்த போத்தல்களில் பத்தில் ஒன்பதுக்கு "தண்ணி நல்லமா பாருங்க" என்பதைத் தவிர வேறு வேண்டுகோள் இருக்காது. நாங்களும் வழக்கமான பட்டியலைப் பார்த்து அனுப்புவோம். பக்கத்தில் கராஜ் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் யாராவது உங்களைத் திருப்பிக் கூப்பிட்டிருப்பார்கள்.

அந்த ஒன்றரை லீற்றர் போத்தலில் ஒயிலைத் தேடியிருந்தாலும் சரியாக அகப்பட்டிருக்காது. எண்ணெய் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பெற்றோல் வகையோ மூடியைத் திறந்த கையோடு காற்றில் போய்விடும்.

பேனைக் கதைக்கு வருவோம். அது தண்ணீர் எவ்வளவு கரண்டைக் கடத்துகிறது என்று பார்த்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்குப் போடுகிறது. ஒயிலும் பெற்றோலும் கரண்டைக் கடத்தாது. குடத்துக்குள் ஒரு மூடி பெற்றோலை ஊற்றினாலும் அந்தப் பேனை 320தான் காட்டும். (ஊற்றிப் பார்க்க வேண்டாம்.) உங்கள் ரிப்போர்ட்டில் 640 என்று இருப்பதும் பேனையில் 320 என்று வந்ததும் ஒரே விஷயம்தான், பாதியால் பெருக்கியிருக்கிறது. இலங்கைத் தர நிர்ணயம், அதாவது எஸ்.எல்.எஸ். 614, கரைந்த திண்மங்களுக்கு 500 வரை விடுகிறது. பெட்டிக் கதை அதைவிட மோசம். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. கரண்ட் போனால் இரும்பு கரைந்து துருவாக வரும். உங்கள் தண்ணீரில் உப்பு இருப்பதால் கரண்ட் ஓடியது, அவருடைய போத்தலில் உப்பே இல்லாததால் ஓடவில்லை. அவருடைய போத்தலுக்குள் ஒரு கிள்ளு கறியுப்புப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், முகத்தைப் பாருங்கள்.

இனி நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. அந்த மயில்கழுத்துப் படலத்தை ஒரு ஈர்க்குச்சியால் கீறுங்கள். அது கண்ணாடி உடைந்த மாதிரி மூலை மூலையாகப் பிரிந்து, பிரிந்தபடியே நின்றால், இரும்புச்சத்தைத் தின்னும் பக்டீரியாவின் வேலை. அம்மா சொல்லும் "பாசி"க்குக் கிட்டத்தட்ட அதுதான் அர்த்தம். நம் பக்கத்தில் அது சாதாரணம். கீறின இடம் சுழன்று திரும்பவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் அது எண்ணெய்.

எண்ணெய் என்றால் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். "ஒயில் அன்ட் கிரீஸ்" என்பது முதலாவது. எஸ்.எல்.எஸ். 614இல் அதற்கு எல்லை லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். பெற்றோல், தின்னர் வகைக்கு "பீ.டெக்ஸ்" என்று கேளுங்கள். பென்சீன், தொலுயீன், எதைல் பென்சீன், சைலீன் நான்கும் சேர்ந்தது. பழைய எஞ்சின் ஒயில் என்பதால் "பீ.ஏ.எச்." என்ற கூட்டமும் (எஞ்சினில் எரிந்து ஒயிலில் சேரும் ஐதரோகாபன் வகைகள்) தேவைதான், காசு கட்டாவிட்டால் அதை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள். உலோகங்களில் ஈயமும் கட்மியமும் கட்டாயம். கராஜில் பழைய பற்றரி உடைக்கிறார்களா என்று கவனியுங்கள். உடைத்தால் ஈயத்துக்குத்தான் முதலிடம், அதன் எல்லை 0.01.

இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்று புரிய ஒரு கணக்கு. உங்கள் கிணறு நாலடி அகலம், தண்ணீர் ஆறடி நிற்கிறது என்று வைப்போம். ஏறக்குறைய 2100 லீற்றர். அதில் அரை மில்லிலீற்றர் ஒயில், ஒரு சின்னச் சிரிஞ்சில் பாதி, சரிசமமாகக் கலந்தாலே 0.2 எல்லையைத் தொட்டுவிடும்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ரிப்போர்ட்டில் "காணப்படவில்லை" என்று வந்தால் சந்தோசப்படாதீர்கள். எவ்வளவுக்குக் கீழே காணப்படவில்லை என்று கேளுங்கள். ஒயிலைக் கரைத்து எடுத்து நிறுக்கும் பழைய முறையில் ஒரு மில்லிகிராமுக்குக் கீழே பிடிப்பதே கஷ்டம். எல்லையோ 0.2. அரைக் கிலோவுக்குக் கீழே காட்டாத தராசில் பவுண் நிறுத்துவிட்டு "இல்லை" என்று சொல்வது போன்றது அது. போத்தல் கொடுக்கும் முன்பே, எந்த அளவு வரை பிடிப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 17025 என்ற ஆய்வுகூடத் தர அங்கீகாரம் அந்தக் கூடத்துக்கு மட்டும் இருந்தால் போதாது, அந்தக் குறிப்பிட்ட டெஸ்டுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பீ.டெக்ஸ் செய்யும் மெசின் எல்லா இடத்திலும் இல்லை. அநேகமாகக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டி வரும். அரசாங்கத்தின் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது, தனியார் கூடங்களும் இருக்கின்றன. முதலில் போன் பண்ணிப் போத்தலை அவர்களிடமே வாங்குங்கள்.

போத்தல் வந்தபின் திரும்ப எழுதுங்கள், எடுக்கும் முறை சொல்கிறேன். அதுவரை இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைப்பது கிருமிக்குத்தான். பெற்றோல் வகை ஆவியாகிக் குசினிக்குள் நிற்கும், அதை நீங்கள் சுவாசிப்பீர்கள். ஒயில் பானையிலேயே கிடக்கும்.

---

அக்கரைப்பற்றுக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். லேப் சேர் சொன்னது சரி. ஆனால் கராஜ்காரனைக் கழுவில் ஏற்றும் முன் தங்கச்சி தன் வளவையும் ஒருக்காப் பார்க்க வேணும். என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கிணற்றிலும் இதே மணம் வந்தது. பக்கத்து அரிசி ஆலைக்காரனோடு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பார்த்தால், வயலுக்குக் கொண்டுபோகும் மண்ணெண்ணெய் மெசினை நான்தான் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணெய் ஊற்றுகிறேன். சிந்துவது கட்டு வெடிப்பால் நேரே உள்ளே. ஆலைக்காரனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மனுசன் சிரித்துவிட்டு அரை மூட்டை உமி தந்தான்.

உங்கள் மோட்டர் எங்கே இருக்கிறது? ஸ்கூட்டி எங்கே நிற்கும்?

லேப் சேரிடம் எனக்கும் ஒரு கேள்வி. வயலுக்கு நடுவில் எங்களுக்கு இன்னொரு கிணறு இருக்கிறது. போகத்தில் பூச்சிக்குக் கிருமிநாசினி அடிக்கிறோம். "கிருமிநாசினி டெஸ்ட்" என்று கேட்டால் செய்வார்களா?

---

செங்கலடிப் பழைய லேப்காரர்

காக்கா, அப்படிப் பொதுவாகக் கேட்டால் கூடம் "எந்த மருந்து?" என்று திருப்பிக் கேட்கும். மருந்துக்கு மருந்து முறை வேறு. வெற்றுப் போத்தல்களின் லேபலைப் போனில் படம் எடுங்கள், வியாபாரப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயர்தான் தேவை. அடித்து முதல் பெருமழை பெய்த பிறகு எடுத்த தண்ணீர் என்றால் நல்லது. யூரியா போடுகிற இடம் என்பதால் நைத்திரேற்றையும் பாருங்கள், எல்லை 50. கைக்குழந்தை உள்ள வீடென்றால் அதுதான் முதலில்.

---

மணல்வீட்டுக்காரி (ஆரையம்பதி)

எல்லாருக்கும் நன்றி. காக்கா, மோட்டர் கிணற்றிலிருந்து தள்ளி, சீமெந்துத் தளத்தில், கரண்ட் மோட்டர்தான். ஸ்கூட்டி முன் விறாந்தையில் நிற்கும். எதற்கும் கட்டைச் சுற்றிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை.

ஈர்க்குச்சி வேலை செய்தேன். காலை ஆறு மணிக்கு முதல் வாளியை வெயில் படுகிற இடத்தில் வைத்து, அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். கீறினேன். பிரிந்தது, ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றது, பிறகு பாம்பு மாதிரி வளைந்து வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று தரம் கீறினேன், மூன்று தரமும் ஒட்டியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அடுப்பில் இருந்த உலைத் தண்ணீரைத் தூக்கி வாழைக்கு ஊற்றினார்.

இப்போது சின்னம்மா வீட்டிலிருந்து தண்ணீர் எடுக்கிறோம். அவர்கள் வீடு கராஜுக்கு மேற்கே, ரோட்டுக்குக் கிட்ட. அங்கே மணம் இல்லை. இது ஏன்? எங்கள் கிணற்றைவிட அவர்கள் கிணறுதான் கராஜுக்குக் கிட்ட.

---

செங்கலடிப் பழைய லேப்காரர்

நல்ல கேள்வி, அக்கா. ஆரையம்பதியில் உங்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவில் மணல் முதுகு. மழைத் தண்ணீர் அந்த முதுகில் இறங்கி ஒரு பாதி கடலை நோக்கியும் மறு பாதி வாவியை நோக்கியும் நிலத்துக்கடியில் நகரும். நீங்கள் கடல் பக்கம். கராஜ் உங்களுக்கு மேற்கே. அப்படியென்றால் தண்ணீர் கராஜின் அடியால் வந்து உங்கள் கிணற்றைத் தொட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறது. சின்னம்மாவின் கிணறு அதற்கு மேலே. கிட்டவா தூரவா என்பதைவிட ஓட்டத்துக்கு மேலேயா கீழேயா என்பதுதான் முக்கியம்.

மழைக்குப் பிறகு மணம் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. ஒயிலும் பெற்றோலும் தண்ணீரைவிட இலேசு. கோடையில் தண்ணீர் இறங்கும்போது அவையும் கூடவே இறங்கி மணலில் பூசிக்கொள்ளும். மாரியில் தண்ணீர் ஏறி அந்த மணலைக் கழுவும். 

ஆக சின்னம்மா கிணற்றிலும் ஒரு மாதிரி எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ரிப்போர்ட் வாய் திறக்கும்.

எடுக்கும் முறை. அன்றைக்குக் காலையில் ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடிக்க வேண்டாம், நகப்பூச்சு, சென்ட் எதுவும் வேண்டாம். மோட்டரால் எடுக்க வேண்டாம், தண்ணீர் அடிபட்டு ஆவி போய்விடும். கழுவி உலர்த்திய சில்வர்ச் செம்பைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். ஒயிலுக்குப் பெரிய கண்ணாடிப் போத்தல் தருவார்கள், அதை உங்கள் தண்ணீரால் அலசக்கூடாது, அலசினால் சுவரில் ஒட்டின ஒயில் கணக்கில் கூடிவிடும். பீ.டெக்ஸுக்கு 40 மில்லிலீற்றர் மண்ணிறச் சின்னப் போத்தல் தருவார்கள். உள்ளே ஒன்றிரண்டு துளி அமிலம் இருக்கலாம், கொட்டிவிடாதீர்கள். விளிம்புக்கு மேலே தண்ணீர் குமிழ்ந்து நிற்கும் வரை சுவரோரமாக மெல்ல ஊற்றி மூடுங்கள். பிறகு தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். காற்றுக்குமிழ் ஓடினால் அந்தப் போத்தல் சரிவராது, புதிதாக ஒன்றை நிரப்புங்கள். ஐஸ் போட்டு, 14 நாளுக்குள் கூடத்தில் சோதித்தாக வேண்டும். கூடத்தின் சுத்தத் தண்ணீரோடு மூடிய போத்தல் ஒன்றும் கேளுங்கள். அது திறக்காமலே கூடப் போய்க் கூடவே திரும்ப வர வேண்டும். வழியில் ஏதாவது ஏறியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

தயவுசெய்து மீன்பெட்டியில் அனுப்பாதீர்கள். எனக்கு ஒருமுறை அப்படி வந்தது.

---

ஓய்வில் ஒரு பீ.எச்.ஐ.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன் என்ற முறையில் சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. நீங்களே எடுத்து நீங்களே அனுப்பும் போத்தல் உங்கள் மனத் திருப்திக்கு. நாளைக்கு வழக்கு என்று போனால் அது நிற்காது. அதிகாரி ஒருவர் வந்து எடுத்து, இரு தரப்பு முன்னிலையில் முத்திரை வைக்க வேண்டும். ஆனாலும் முதலில் நீங்கள் செய்வது பிழை இல்லை. கையில் ஒரு எண் இருந்தால் அதிகாரியும் வேகமாக வருவார்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கடிதம் எழுதுங்கள். பிரதி ஒன்று மண்முனைப் பற்றுப் பிரதேச சபைக்கு, ஒன்று மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு. கராஜுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று ஒரு வரி கேளுங்கள். அந்த ஒரு வரிக்கு எல்லாரும் பதில் தேட வேண்டி வரும். கடிதத்தில் "கராஜ்காரர் எங்கள் கிணற்றை நஞ்சாக்கினார்" என்று எழுதாதீர்கள். "கிணற்றில் எண்ணெய்ப் படலம் காணப்படுகிறது, மூலம் கண்டறிந்து தருக" என்று எழுதுங்கள். வேலிக்கு இரண்டு பக்கமும் இன்னும் முப்பது வருடம் நீங்கள்தான் இருக்கப்போகிறீர்கள்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிக் கிணறுகளில் எண்ணெய் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2015இல் போட்ட அடிப்படை உரிமை வழக்குக்கு 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மின் உற்பத்தி செய்த கம்பனி 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று. அதுவரை சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றது. கம்பஹாவில் ரதுபஸ்வெலவில் கிணற்றுத் தண்ணீரின் பீ.எச். குறைந்ததற்குப் பக்கத்துத் தொழிற்சாலைதான் காரணம் என்று சனம் ரோட்டுக்கு இறங்கி, 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். பெரிய தொழிற்சாலை என்றால் இப்படி நீளும். உங்களுடையது நாற்பதடி தூரத்தில் ஒரு பரல். பேசித் தூக்க முடிந்தால் தூக்கிவிடுங்கள்.

---

மணல்வீட்டுக்காரி (ஆரையம்பதி)

ஐந்து கிழமைக்குப் பிறகு வருகிறேன். பாதியில் விட்டுப்போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போத்தல்கள் கொழும்பிலிருந்து வந்தன. அந்தச் சின்னப் போத்தலை நிரப்ப நான் பட்ட பாடு! முதல் போத்தலில் கடுகளவு குமிழ் ஒன்று. தலைகீழாகப் பிடித்தால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடுகிறது. இரண்டாவதில் அதைவிடப் பெரியது. மூன்றாவதை மகள் பக்கத்தில் நின்று "இன்னும், இன்னும், நில்" என்று சொல்லச் சொல்ல நிரப்பினேன். குமிழ் இல்லை. அவளே தலைகீழாகத் தட்டிப் பார்த்துச் சரி சொன்னாள். புது றெஜிபோம் பெட்டி வாங்கி, ஐஸ் போட்டு, இரவு பஸ்ஸில் மச்சான் கொண்டுபோனார். பக்கத்து சீட்டுக்காரர் மட்டி, நண்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டாராம்.

முடிவு (எல்லாம் லீற்றருக்கு மில்லிகிராமில்): எங்கள் கிணற்றில் ஒயில் அன்ட் கிரீஸ் 0.9. சின்னம்மா கிணற்றில் அவர்கள் பிடிக்கக்கூடிய அளவுக்குக் கீழே. கேட்டு வைத்திருந்தேன், 0.2 வரை பிடிப்பார்களாம். பென்சீன் 0.001க்குக் கீழே. தொலுயீன் 0.004. சைலீன் 0.027. ஈயம் 0.003. கூடப் போன போத்தலில் ஒன்றும் இல்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். கடிதம் எழுத முதலே போனேன், பீ.எச்.ஐ. ஐயாவின் கடைசி வரிதான் மனதில் இருந்தது. அவர் கடதாசியை ஒயில் படாமல் இரண்டு விரலால் பிடித்து வாசித்தார். விளங்கவில்லை என்றார். ஈர்க்குச்சிப் படலத்தைப் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். அது விளங்கியது. அடுத்த ஞாயிறு பொடியன்மாரோடு சேர்ந்து பரலைத் தோண்டித் தூக்கினார்கள். அடித்தகடு அரிதட்டு மாதிரி. சுற்றியுள்ள மணல் இரண்டு முழத்துக்குக் கறுப்பு. அதை அள்ளிச் சாக்கில் கட்டிச் சீமெந்துத் தரையில் வைத்து மூடியிருக்கிறார்கள். எங்கே கொண்டுபோவது என்று பிரதேச சபையைக் கேட்டுக் கடிதம் இப்போது இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்திருக்கிறோம். அவருடைய கராஜ்க் கிணறும் அந்த வளவில்தான் இருக்கிறது, பொடியன்மார் அதில்தான் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்கள். அதை அவர் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

பைப் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டோம். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் பைப் தண்ணீரில் தேத்தண்ணி வாயில் நிற்கவில்லை என்று அம்மா இப்போதே குறை சொல்கிறார், இணைப்பு இன்னும் வரவே இல்லை.

லேப் ஐயா, மூன்று கேள்வி. இந்த எண்கள் எவ்வளவு மோசம்? குளிக்கலாமா? கிணறு எப்போது தெளியும்?

---

செங்கலடிப் பழைய லேப்காரர்

பென்சீன் இல்லாதது பெரிய ஆறுதல் அக்கா. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 0.01, உங்களுடையது அதற்கு நன்றாகக் கீழே. பென்சீனை மூக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, மணக்கும் அளவுக்கு வரும் முன்பே எல்லையைப் பல மடங்கு தாண்டியிருக்கும். சைலீன் அதற்கு எதிர்மாறு. அதன் சுகாதார எல்லை 0.5, ஆனால் 0.02 அளவிலேயே சிலருக்கு மணக்கும். உங்கள் மகள் 0.027ஐப் பாலுக்குள் பிடித்திருக்கிறாள். அந்த மூக்கை ஆய்வுகூடத்துக்கு எடுக்கலாம்.

ஒயில் எல்லையைவிட நாலரை மடங்கு. இது வரை குடித்ததற்காகப் பதற வேண்டாம், இனிக் குடிக்க வேண்டாம். சமையலுக்கும் வேண்டாம். உடுப்புக் கழுவலாம். குளிப்பது பெரியவர்களுக்குப் பரவாயில்லை, மகளைச் சின்னம்மா வீட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், சின்னத் தோல். கீரைப் பாத்திக்கு ஊற்ற வேண்டாம். அந்த பில்டர் தம்பி திரும்ப வந்தால், ஒயில் உள்ள தண்ணீர் அவருடைய பில்டருக்குள் இருக்கும் சவ்வை நாசமாக்கிவிடும், முன்னால் காபன் வைத்து அதை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். அவருக்கே தெரிந்திருக்காது.

எப்போது தெளியும் என்று திகதி சொல்ல மாட்டேன். பரல் போய்விட்டது, ஆனால் வேலிக்கும் கிணற்றுக்கும் இடையில் உள்ள மணலில் பூசியிருப்பது இருக்கும். பங்குனியில் தண்ணீர் இறங்கியதும் ஒரு மாதிரி, அடுத்த மார்கழியில் ஏறியதும் ஒரு மாதிரி, இரண்டும் எடுங்கள். ஒயிலும் பீ.டெக்ஸும் மட்டும் போதும், முழுப் பட்டியலுக்கும் காசு கொடுக்க வேண்டாம். கராஜ்க் கிணற்றிலும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள், அங்கே பற்றரி கழுவியிருந்தால் ஈயத்தோடு.

மண்ணிறப் போத்தல் ஆறு என்னிடம் மிச்சம் இருக்கிறது, மூடி திறக்காதது. செங்கலடிப் பக்கம் யாராவது வந்தால் வாங்கிப்போகலாம்.

---

அக்கரைப்பற்றுக் காக்கா

அதில் இரண்டு எனக்கு வையுங்கள் சேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருகிறேன்.

---

செங்கலடிப் பழைய லேப்காரர்

காக்கா, கிருமிநாசினிக்கு அந்தப் போத்தல் சரிவராது. லேபல் படத்தை முதலில் அனுப்புங்கள்.